பாட்டைத் திருத்திய பாதிரியார்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் இல்லங்களில் ஓர் ஆங்கிலப் பாட்டு ஒலிக்கத் தொடங்கிவிடும். பள்ளி விழாவுக்காகக் குழந்தைகள் அதை முணுமுணுத்தவாறே வளைய வருவர். வானதூதர் கூடி நின்று, பிறந்த குழந்தையை மன்னன் எனப் போற்றுவதைக் கூறும் கிறிஸ்துமஸ் பாட்டு அது. அதனை இயற்றியவர் யார் என்று பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினால், சார்லஸ் வெஸ்லி என்று அச்சிட்டிருக்கும். அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மை அன்று.

வெஸ்லி 1739-ஆம் ஆண்டில் அச்சிட்ட வடிவத்தில் வானதூதர்கள் முதலடியில் இல்லை. வானத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றே அங்கு நின்றது. 1753-இல் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு என்னும் புகழ்மிக்க பிரசங்கியார் அதனை மாற்றித் தூதர்களைக் கொண்டுவந்தார். 1760-இல் வேறொருவர் மீண்டும் கைவைத்து, முதற்கண்ணியின் முடிவில் பெத்லகேம் என்னும் ஊரின் பெயரைப் பதித்தார். இன்று உலகெங்கும் குழந்தைகள் அந்த ஊர்ப்பெயரை உரத்துப் பாடும்போது, அவர்கள் அறியாமலே அந்த மூன்றாமவரின் கைவண்ணத்தைப் பாடுகின்றனர்.

அவர் பெயர் மார்ட்டின் மேடன். பாட்டினால் அவர் பெயரை நினைப்பார் இன்று மிகச் சிலரே. நினைப்பவரும், அவர் எழுதிய ஒரு நூலைக் கொண்டே நினைக்கின்றனர். ஆண் ஒருவன் பல மனைவியரை மணப்பது இறைவனின் சட்டத்துக்கு முரணானது அன்று என்று வாதிட்ட நூல் அது. துதிப்பாடல் தொகுத்த குருவானவர் இப்படியொரு நூலை ஏன் எழுதினார்? இக்கேள்விக்கு விடை தேடிச் சென்றால், ஒரு மனிதரின் இரக்கத்தையும் அவ்விரக்கம் தவறிய இடத்தையும் ஒருங்கே காணலாம்.

வழக்காடியவர் குருவானது

மேடன் 1725-இல் பிறந்தவர். தந்தையார் படைத்தளபதி, பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். தாயார் ஜூடித், கூப்பர் குடும்பத்தைச் சேர்ந்தவர், கவிதை எழுதுபவர், பெருங்கவிஞர் அலெக்சாண்டர் போப்புடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். மேடன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்று, 1748-இல் வழக்கறிஞர் ஆனார். செல்வம், சொல்வன்மை, நண்பர் குழாம் என எதற்கும் குறைவில்லாத இளைஞர்.

அவர் மனம் மாறியதைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. காப்பிக் கடை ஒன்றில் கூடிய நண்பர்கள், அப்பொழுது இலண்டனில் பேசிவந்த ஜான் வெஸ்லியின் பிரசங்கத்தைக் கேட்டு வந்து, அவரைப்போல் நடித்துக் காட்டும்படி மேடனை அனுப்பினராம். சென்றவர் திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. அந்தக் கிழவரைப் பிடித்துக் காட்டப் போகிறாயா என்று நண்பர் கேட்டதற்கு, தாம் அவரைப் பிடிக்கவில்லை, அவர்தாம் தம்மைப் பிடித்துக்கொண்டார் என்று விடை கூறினாராம். வழக்காடு மன்றத்தைத் துறந்து அவர் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானார். ஆனால் வழக்கறிஞரின் மனம் அவரை விட்டு நீங்கவே இல்லை. எந்தச் சிக்கலுக்கும் ஒரு சட்டவிதியைத் தேடும் மனம் அது. இதனை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

லாக் மருத்துவமனை

மேடன் தொண்டாற்றிய இடம் மற்றக் குருமார் நாடும் இடம் அன்று. இலண்டனில் ஹைடு பூங்காவின் முனைக்கருகே லாக் மருத்துவமனை என்று ஒன்று இருந்தது. வில்லியம் பிராம்ஃபீல்டு என்னும் அறுவை மருத்துவர் முன்னின்று 1746-இல் நிறுவியது. மறு ஆண்டு முதல் நோயாளிகளை ஏற்றது. பால்வினை நோயாளிகளுக்கென்றே அமைந்த மருத்துவமனை அது. வேறு மருத்துவமனைகள் முகம் சுளித்த நோயாளிகள் இங்கு வந்தனர். பாதரச மருந்தே அந்நாளைய சிகிச்சை. நோயைவிட மருந்து கொடியது என்று சொல்லும்படி இருந்தது.

இங்கு மேடன் கண்டவை அவர் வாழ்வைத் திசை திருப்பின. ஆசைவார்த்தை கேட்டு ஏமாந்து, கைவிடப்பட்டு, வேலைவீட்டிலிருந்து துரத்தப்பட்டு, தெருவுக்கு வந்து, நோயுற்று, முடிவில் இக்கட்டிலில் வந்து வீழ்ந்த பெண்கள் பலர். கணவனிடமிருந்து நோயைப் பெற்ற குற்றமற்ற மனைவியரும் உண்டு. இவர்களை இந்நிலைக்கு ஆளாக்கிய ஆடவரோ நல்ல உடை உடுத்து, நல்ல இடத்தில் மணம் செய்து, ஞாயிறுதோறும் தேவாலயத்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். உபதேசம் கேட்கப் பெருங்கூட்டம் வரவே, 1762-இல் மருத்துவமனையை ஒட்டி ஒரு சிற்றாலயம் எழும்பியது. அதில் இருக்கைகளுக்குப் பெற்ற வாடகை மருத்துவமனைச் செலவுக்குப் பயன்பட்டது. உயர்குடியினர் பலர் மேடனின் சொற்பொழிவையும் அங்கு நிகழ்ந்த இசையையும் நாடி வந்தனர். சுவருக்கு அப்பால் நோயாளிகள், இப்பால் செல்வர்கள். இவ்விரு கூட்டத்துக்கும் நடுவே நின்றவர் மேடன்.

பாட்டும் இசையும்

அந்த ஆலயத்தின் புகழுக்குப் பாதிக் காரணம் பாட்டு. 1760-இல் மேடன் பல புலவர்களின் பாடல்களைத் திரட்டி ஒரு துதிப்பாடல் தொகுதி வெளியிட்டார். நாம் முதலிற் கண்ட கிறிஸ்துமஸ் பாட்டின் திருத்தம் அதில்தான் இடம்பெற்றது. கிறிஸ்துவின் மறுவருகையைப் பாடும் புகழ்பெற்ற மற்றொரு பாட்டையும், ஜான் செனிக் என்பவரின் பாட்டிலிருந்தும் சார்லஸ் வெஸ்லியின் பாட்டிலிருந்தும் கண்ணிகளை எடுத்துத் தொடுத்து, அவர் உருவாக்கினார். 1769-இல் இசைக்குறிப்புகளோடு கூடிய ஒரு தொகுதி வந்தது. இத்தாலிய வயலின் வல்லுநர் ஃபெலிச்சே ஜியார்டினி போன்றோர் அதற்கு மெட்டமைத்துத் தந்தனர். மேடன் தாமே அமைத்த ‘டென்மார்க்’ என்னும் மெட்டு கடல் கடந்து அமெரிக்கப் பாட்டுப் புத்தகங்களிலும் நெடுங்காலம் இடம்பெற்றது.

பிறர் பாட்டைத் திருத்துவது முறையா என்று கேட்கலாம். ஜான் வெஸ்லி கேட்கவே செய்தார். 1780-இல் தம் சபையாருக்காக வெளியிட்ட தொகுதியின் முன்னுரையில், தம் பாடல்களையும் தம் தம்பியின் பாடல்களையும் எவரும் திருத்த வேண்டா என்றும், உள்ளவாறே அச்சிடுக என்றும், மாற்றியே ஆகவேண்டுமானால் மூலத்தை ஓரத்திலோ அடியிலோ தருக என்றும் அவர் கேட்டுக்கொண்டார். அக்குறை நேர்மையானதே. ஆயினும் மேடன் செய்த மாற்றம் நிலைத்துவிட்டது. காரணம் எளிது. பாட்டில் ஒரு சொல்லை மாற்றினால், பாடும் மக்கள் ஆண்டுதோறும் அதனை நாவிலிட்டுப் பார்க்கின்றனர். நன்றாயின் கொள்வர், அன்றாயின் தள்ளுவர். திருத்தியவரின் கருத்து எதுவாயினும் தீர்ப்பு பாடுவோரிடமே உள்ளது.

சட்டம் விட்ட இடைவெளி

மேடனின் உள்ளத்தில் பாட்டோடு வேறொரு சிக்கலும் கனன்றுகொண்டிருந்தது. அதனை அறிய இங்கிலாந்தின் மணச்சட்டத்தைச் சற்றுக் காண்போம்.

பழைய திருச்சபைச் சட்டப்படி, ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று சொல்லிவிட்டால், குருவானவர் இல்லாமலே அப்பிணைப்பு கட்டுப்படுத்தும். பின்னர் ஆடவன் மறுத்தால், பெண் திருச்சபை நீதிமன்றத்தில் முறையிட்டு அவனை ஆலய மணத்துக்கு இழுத்துவரலாம். இவ்வேற்பாட்டினால் குழப்பமும் விளைந்தது. இலண்டன் ஃபிளீட் சிறையின் சுற்றுப்புறத்தில் காசுக்கு மணம் முடித்துவைக்கும் குருமார் பெருகினர். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பெற்றோர் அறியாமல் மணந்தனர். இதனைத் தடுக்க ஹார்ட்விக் பிரபு 1753-இல் ஒரு சட்டம் கொணர்ந்தார். அது 1754-இல் நடைமுறைக்கு வந்தது. ஆலயத்தில் முன்னறிவிப்போடோ உரிமத்தோடோ நடவாத மணம் செல்லாது என்றது அச்சட்டம். குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் விலக்கு இருந்தது.

பொய்யும் பிழையும் தோன்றிய பிறகே கரணம் வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியக் கற்பியல் கூறுவதை நாம் அறிவோம். ஹார்ட்விக் சட்டமும் பொய்யைத் தடுக்கவே வந்தது. ஆனால் செல்வர் வீட்டுச் சொத்தைக் காத்த அச்சட்டம் ஏழைப் பெண்ணிடம் இருந்த ஒரே கருவியைப் பறித்தது. மணப்பேன் என்று சொல்லிக் கூடியவன், சடங்கு நடக்கவில்லையே என்று சொல்லி விலகிவிடலாம். அவனை மணத்துக்கு இழுத்துவர நீதிமன்றம் இனி இல்லை. லாக் மருத்துவமனைக் கட்டில்களைக் கண்ட மேடனுக்கு இது நூலறிவு அன்று. நாள்தோறும் கண்ணெதிரே கண்ட உண்மை.

‘தெலிப்தோரா’

1780-இல் மேடன் தம் நூலை வெளியிட்டார். ‘தெலிப்தோரா’ என்பது அதன் பெயர். பெண்ணின் அழிவு என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். முதலில் இரண்டு பகுதிகளாக வந்து, அடுத்த ஆண்டு மூன்றாம் பகுதியும் சேர்ந்தது.

வாதம் வழக்கறிஞருடையது. பழைய ஏற்பாட்டில் மோசேயின் சட்டம், நிச்சயிக்கப்படாத கன்னியைக் கூடியவன் அவளை மனைவியாக ஏற்க வேண்டும் என்கிறது. இச்சட்டத்தில், ஏற்கெனவே மணமானவனுக்கு விலக்கு உண்டு என்று எங்கேனும் எழுதியுள்ளதா? இல்லை. ஆகவே அவனும் ஏற்றே தீரவேண்டும். அப்படியானால் ஒருவனுக்கு இரு மனைவியர் இருத்தல் இறைச்சட்டத்துக்கு மாறானது ஆகாது. மனிதர் வகுத்த சடங்கன்று, கூடி வாழ்தலே மணத்தை ஆக்குகிறது. ஹார்ட்விக் சட்டம் இறைவன் இட்ட கட்டை அவிழ்த்துவிட்டது. பெண்ணைக் கெடுத்தவன் வாழ்நாள் முழுவதும் அவளைத் தாங்கக் கடமைப்பட்டால், கெடுக்கும் துணிவு எவனுக்கும் வாராது. இதுவே நூலின் சாரம்.

இதில் நோயைக் கண்டறிந்த பகுதி உண்மையானது. குற்றத்தின் சுமை முழுவதும் பெண்ணின் தலையில் ஏற்றப்படுவதையும் ஆடவன் தப்பிவிடுவதையும் அந்நாளில் இவ்வளவு வெளிப்படையாகக் கூறியவர் சிலரே. மருந்துதான் தவறு. பல மனைவியரைக் கொள்ளும் உரிமையை ஆணுக்கு அளித்த மேடன், பெண்ணுக்கு அவ்வுரிமை இல்லை என்றார். முதல் மனைவியின் நிலை என்ன ஆகும்? தன்னை வஞ்சித்தவனோடு வாழ்நாள் முழுவதும் வாழ அந்தப் பெண் விரும்புவாளா? அவர் அடிப்படையாகக் கொண்ட விதியிலேயே, தந்தை மகளைத் தர மறுக்கலாம் என்று ஓர் இடம் உண்டு. மகள் மறுக்கலாம் என்று இல்லை. மேடனும் அதனைக் கேட்கவில்லை. பல ஆண்டுகள் அவர் அந்தப் பெண்களுக்கு நடுவே நின்றவர். அவர்களுக்காக மூன்று பகுதிகள் எழுதினார். எது வேண்டும் என்று அவர்கள் தாமே சொல்லும் இடம் மட்டும் அந்நூலில் இல்லை. அவர் மருந்தைத் தேடியது மருத்துவமனைக் கூடத்தில் அன்று, விதிநூலில்.

உறவினர் எழுதிய எதிர்நூல்

புயல் எழுந்தது. சமயத் துறையில் மேடனுக்குத் துணைநின்ற ஹண்டிங்டன் சீமாட்டி செலினா, நூலை வெளியிட வேண்டா என்று முன்னரே மன்றாடியவர். அவருக்குக் கீழ் லாக் ஆலயத்தில் பணியாற்றிய தாமஸ் ஹாவைஸ் 1781-இல் மறுப்பு நூல் எழுதினார். ரிச்சர்டு ஹில் என்பவர் பலதார மணத்தின் ‘நன்மைகளை’ எள்ளி நகையாடினார். இதழ்கள் தாக்கின. மேடன் லாக் ஆலயப் பணியிலிருந்து விலகி, எப்சம் என்னும் ஊருக்குச் சென்று ஒதுங்கி வாழ்ந்தார். அவர் தாம் ஒரே மனைவியோடு வாழ்ந்தவர் என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். தம் ஆசைக்குச் சாக்குத் தேடி அவர் அந்நூலை எழுதவில்லை.

எதிர்த்தவர்களுள் ஒருவர் கதை மனத்தை வருத்துவது. கவிஞர் வில்லியம் கூப்பர், மேடனின் தாய்மாமன் மகன். 1763-இல் அரசுப் பதவிக்கான தேர்வை எண்ணி அஞ்சிய கூப்பர் மனம் கலங்கி, உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். மதவெறியர் என்று முன்பு தாம் கருதியிருந்த மேடனை அந்நிலையில் அழைத்து வரச் செய்தார். மேடன் படுக்கையருகே அமர்ந்து, கடவுளின் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். சிறிது நேரம் நெஞ்சம் ஆறுதல் பெற்றதைக் கூப்பர் பின்னாளில் தாமே எழுதி வைத்துள்ளார். அதன்பின் மனநோய் மருத்துவம் பெற்றுத் தேறி, ஓல்னி என்னும் சிற்றூரில் ஜான் நியூட்டனோடு இணைந்து கூப்பர் துதிப்பாடல்கள் எழுதினார். அவை 1779-இல் வெளிவந்தன.

அதற்கு இரண்டே ஆண்டில், அந்தக் கூப்பர் தம்மைத் தேற்றியவருக்கு எதிராக ஓர் அங்கதக் கதைப்பாட்டு எழுதினார். கற்பிதம் என்னும் மாயக்காரியிடம் மயங்கும் வீரன் ஒருவனின் கதை, அவ்வீரன் மேடனே. அதனைப் பெயரிடாமல் 1781-இல் வெளியிட்டார். தம் பெயர் தாங்கிய கவிதைத் தொகுதி எதிலும் அதனைச் சேர்க்கவில்லை. கருத்தை மறுக்க வேண்டும் என்று மனச்சான்று தூண்டியது. அன்று படுக்கையருகே அமர்ந்தவரின் நினைவு பெயரிடத் தடுத்தது போலும். கூப்பர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அது அவருடையது என்று உலகுக்குத் தெரிந்தது.

மீண்டும் சட்டம்

எப்சத்தில் மேடன் சும்மா இருக்கவில்லை. 1785-இல் தண்டனைச் சட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்நாளில் இங்கிலாந்தில் ஏறக்குறைய 200 குற்றங்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. ஆனால் தண்டனை பெற்றோர் பலர் மன்னிப்பால் தப்பினர். விதித்த தண்டனை தவறாமல் நிறைவேறினால்தான் குற்றம் குறையும் என்று மேடன் வாதிட்டார். சாமுவேல் ரோமிலி என்னும் இளம் வழக்கறிஞர் மறு ஆண்டிலேயே மறுப்பு எழுதினார். சிறு திருட்டுக்கும் உயிரைப் பறிக்கும் சட்டத்தைத் தவறாமல் நிறைவேற்றச் சொல்வது கொடுமை என்றார். பெஞ்சமின் ஃபிராங்ளினும் மேடனின் நூலைப் படித்து வருந்திக் கடிதம் எழுதினார். அந்த 1785-இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்டோர் தொகை தொண்ணூற்றைத் தாண்டியது. இதற்கு மேடனின் நூலும் ஒரு காரணம் என்று ரோமிலி கருதினார்.

கைவிடப்பட்ட பெண்ணுக்காக உருகியவரா இதனை எழுதினார் என்று வியக்கத் தோன்றும். உற்று நோக்கினால் இரு நூல்களையும் எழுதியது ஒரே மனமே. எழுதிய விதியை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுக. உலகம் தானே திருந்தும் என்பது அதன் நம்பிக்கை. விதி யார்மேல் விழுகிறது என்பதை அம்மனம் கண்டுகொள்ளவில்லை. மேடன் 1790-இல் மறைந்தார்.

மருந்து எங்கே இருந்தது?

மேடன் நீங்கிய லாக் மருத்துவமனைக்கு 1785-இல் தாமஸ் ஸ்காட் என்னும் வேறொரு குருவானவர் வந்தார். அவரும் அதே பெண்களைக் கண்டார். நோய் நீங்கி வெளியேறும் பெண்ணுக்குச் செல்ல இடமில்லை. மீண்டும் தெருவே கதி என்பதை உணர்ந்தார். அவர் முன்னின்று 1787-இல் அப்பெண்கள் தங்கித் தொழில் பழகும் இல்லம் ஒன்று அமைந்தது. மிகச் சிறிய முயற்சி. பல குறைகளும் உடையது. ஆயினும், அந்தப் பெண் நாளைக் காலையில் எங்கே போவாள் என்னும் கேள்வியில் அது பிறந்தது. மூன்று பகுதி நூல் செய்யாததை ஒரு கூரையும் சில படுக்கைகளும் செய்தன.

லாக் மருத்துவமனை என்னும் பெயர் நம் நாட்டுக்கும் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை இராசதானி உட்பட ஆங்கிலேயர் படை தங்கிய இடங்களில் அப்பெயரால் மருத்துவமனைகள் அமைந்தன. 1868-இல் இந்தியாவில் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம், விலைமகளிர் எனப் பதிவு செய்யப்பட்ட பெண்களைக் கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தியது. அவர்களிடம் வந்த சிப்பாய்களை அது கேட்கவில்லை. இங்கிலாந்தில் ஜோசஃபின் பட்லர் என்னும் அம்மையாரும் அவரைச் சார்ந்த பெண்களும் இத்தகைய சட்டங்களை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, அங்கு 1886-இலும் இங்கு 1888-இலும் அவை நீக்கப்பட்டன. பெண்ணைக் காக்க வேண்டும் என்று மேடன் எண்ணினார். படையைக் காக்க வேண்டும் என்று ஆட்சியாளர் எண்ணினர். நோக்கம் வேறு. எனினும் அப்பெண்களின் வாய்ச்சொல்லைக் கேளாமல் விதி எழுதியதில் இருவரும் ஒன்றுபட்டனர். பெண்களே வாய் திறந்த பின்னர்தான் சட்டம் அசைந்தது.

மேடனை இகழ்ந்து ஒதுக்குவது எளிது. அவரைப் போல மருத்துவமனை வாயிலில் நின்று நோயாளியின் முகத்தைப் பார்ப்பது எளிதன்று. அவர் பார்த்தார்; நெஞ்சு பதைத்தார். அதற்காக நாம் அவரை வணங்கலாம். பாட்டில் அவர் செய்த மாற்றத்தைப் பாடுவோர் ஏற்றனர், அது வாழ்கிறது. மணத்தில் அவர் செய்ய விரும்பிய மாற்றத்தை, அதற்குள் வாழவேண்டியவரைக் கேளாமலே எழுதினார், அது மாய்ந்தது.

வரும் டிசம்பரில் நம் வீட்டுக் குழந்தை அந்தப் பாட்டைப் பாடி, பெத்லகேம் என்னும் சொல்லில் குரலை உயர்த்தும்போது, அதைப் பதித்த கையை ஒரு கணம் நினைப்போம். நல்ல உள்ளத்தோடு பிறர் வாழ்வைத் திருத்தப் புறப்படும் நாமும், முதலில் அவர்கள் அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்போம்.